மூடி போட்ட சூப்

நாடகம் பார்க்க வருகிறவர்களுக்குப் பசி என்பது கடைசி நேரத்தில்தான் வரும். அதுவரை ஓவியக் கண்காட்சியில் சுவரை முறைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள், புத்தகக் கடையில் வாங்காத புத்தகத்தைப் புரட்டியிருப்பார்கள். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றதும் மொத்தக் கூட்டமும் அரங்கத்துக்கு முதுகு காட்டி நிற்கிற அந்தச் சின்ன உணவகத்துக்குள் வந்து விழும். வந்து உட்கார்ந்த கையோடு, "இன்னும் வரலையா?" என்று கேட்கும். கோழி வேகிற நேரத்தில் கோழி வேகும் என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

அந்தச் சமையலறையின் சொந்தக்காரியை அந்தத் தெருவே சூப்பக்கா என்றுதான் கூப்பிடும். நாடகக்காரர்களும் அப்படித்தான். அவர்களுக்கும் அவளுக்கும் ஒரு தொழில் உறவு இருந்தது. இப்போது ஓடிக்கொண்டிருந்த நாடகத்தின் இரண்டாம் காட்சியில், வேலை பறிபோன ஒரு தகப்பன் அதை வீட்டில் சொல்ல முடியாமல், ஒரு கிண்ணம் சூப்பை மௌனமாகக் கடைசிச் சொட்டுவரை குடிக்க வேண்டும். குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பான். பொய்ச் சாப்பாடு கூடாது, வாயில் ஸ்பூனை வைத்து எடுக்கிற பாசாங்கெல்லாம் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும் என்று இயக்குநர் ஒரே பிடியாக நின்றார். அதனால் தினமும் சூப்பக்காவின் அடுப்பிலிருந்து ஒரு கிண்ணம் மூடி போட்டுச் சந்து வழியாக அரங்கத்துக்குப் போகும்.

உருளைக்கிழங்கு, தண்ணீர், உப்பு. இதுதான் ஏற்பாடு. நாடகக் குழுவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் தகப்பன் வேடம் போடுகிற மூத்த நடிகர் ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்று அழாத குறையாகச் சொன்னார். அவருக்குக் 'கர்ஜனை' என்று பட்டப்பெயர். கடைசி வரிசைவரை காது கிழிகிற குரல். "அம்மா, தினமும் அந்தக் கஞ்சித்தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு எனக்கு நெஜமாவே வேலை போன மாதிரி இருக்கு. வெண்ணெய், கிரீம் எதுவும் டாக்டர் கூடாதுன்னுட்டார். வேற ஏதாவது பண்ணேன்." மனம் இளகிய சூப்பக்கா மறுநாளிலிருந்து ஒரு பிடி முந்திரியை ஊறவைத்து மைய அரைத்துக் கலந்தாள். சூப் வெள்ளைவெளேரென்று கெட்டியானது. விளக்கு வெளிச்சத்தில் நன்றாக இருக்கிறது என்று இயக்குநர்கூடப் பாராட்டினார். என்ன கலந்தாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இருப்பவர்கள் இப்படித்தான், எதையும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

அன்று மாலையும் கிண்ணம் போய்விட்டது. சாப்பிட வந்த கூட்டமும் அடித்துப் பிடித்து எழுந்து அரங்கத்துக்குப் போய்விட்டது. மேசைகள் காலியாகி, சூப்பக்கா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தாள். மூலை மேசையில் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கர்ஜனை.

இந்த நேரத்தில் மேடையில் இருக்க வேண்டிய மனிதர்.

"ஐயா, நீங்க என்ன இங்க?"

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. "காலையிலேர்ந்து குரலே இல்லம்மா. சூடா அதே சூப் ஒண்ணு குடேன்."

"அப்ப அங்க யாரு நடிக்கிறா?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "உனக்குச் சொல்லலையா? உன் தம்பிதான்!"

சூப்பக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவள் தம்பி அந்தக் குழுவில் மாற்று நடிகன். கர்ஜனைக்கு ஏதாவது ஆனால் மேடையேற வேண்டியவன். கர்ஜனைக்கு ஒன்றும் ஆகாததால் வருஷக்கணக்காக உடையறையில் முகப்பூச்சு போடாமல் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன். "இன்னொருத்தருக்குக் காய்ச்சல் வந்தாதான் உனக்கு வேலை. இதெல்லாம் ஒரு பொழைப்பாடா? பேசாம வந்து என் கடையைப் பார்த்துக்க" என்று போன மாதம் அவள் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அதிலிருந்து அக்காவும் தம்பியும் பேச்சில்லை. அதனால்தான் இன்றைக்கு அவன் சொல்லவில்லை.

அவனுக்கு முந்திரி ஆகாது. ஆகாது என்றால் வயிற்று வலி, அரிப்பு என்று போகிற ரகமல்ல. சின்ன வயதில் யார் வீட்டிலோ கொடுத்த ஒரு துண்டு கேக்கில் முந்திரி இருந்தது. வாயில் போட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. வண்டியில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் இவள்தான். அடுத்த தடவை இதைவிட மோசமாகலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஊசி மருந்து எப்போதும் அவன் பையில் இருக்கும். பை உடையறையில், மாடியில் இருக்கும். அவன் கீழே, மேடையில்.

சூப்பில் என்ன இருக்கிறது என்று நிச்சயம் கேட்டிருப்பான். உருளைக்கிழங்கு, தண்ணீர், உப்பு என்று நிச்சயம் சொல்லியிருப்பார்கள்.

அவனுக்குப் போன் அடித்தாள். அணைத்து வைத்திருந்தான். நாடகம் நடக்கும்போது அந்தக் கட்டடத்தில் எந்தப் போனும் உயிரோடு இருக்காது. கர்ஜனை ஏதோ காற்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு சந்தில் ஓடினாள். தினமும் பார்த்த சந்துதான். காலிப் பெட்டிகள், யாரோ சாய்த்து வைத்த சைக்கிள், ஒட்டிக் கிழிந்த நாடகச் சுவரொட்டிகள். இன்றைக்கு எல்லாமே வேண்டுமென்றே குறுக்கே வந்தன. சைக்கிள் சரிந்து விழுந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடவுளே, முதல் காட்சி இழுக்கட்டும், யாராவது வசனத்தை மறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினாள். நாடகம் நன்றாக நடக்கக் கூடாது என்று ஒரு நடிகனின் அக்கா வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

பின்வாசல் காவலாளி அவளைத் தெரிந்தவர் என்பதால் தடுக்கவில்லை. உள்ளே இருட்டு. மேடை ஓரத் திரைக்குப் பின்னால், காதிலும் வாயருகிலும் ஒலிக்கருவி மாட்டிய மேடை நிர்வாகி ஒரு சின்ன விளக்கின் கீழ் நின்றிருந்தாள்.

"சூப் எங்க?" சூப்பக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, மெதுவா! மேசையிலதான் இருக்கு. ரெண்டாவது காட்சி ஆரம்பிச்சாச்சு."

"அதை அவன் குடிக்கக் கூடாது. முந்திரி போட்டிருக்கேன். அவனுக்கு ஆகாது, மூச்சு அடைச்சிடும்."

மேடை நிர்வாகியின் முகத்தில் ஈயாடவில்லை. "முந்திரியா? உருளைக்கிழங்குதானே..."

"விளக்கை அணைக்கச் சொல்லும்மா!"

மேடை நிர்வாகி ஒலிக்கருவியில் விளக்குக்காரரைக் கூப்பிட்டாள். அவர் என்ன, ஏன், எந்த விளக்கு என்று கேட்க ஆரம்பித்தார். நல்ல வேலைக்காரர், காரணம் தெரியாமல் எதையும் அணைக்க மாட்டார்.

மேடையில் நீளமான மேசை. ஒரு முனையில் மகளாக நடிக்கிற பெண், மறுமுனையில் சூப்பக்காவின் தம்பி. தலையில் நரை பூசியிருந்தான், தோள்களைத் தொங்கவிட்டிருந்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி நிமிர்ந்து திரிகிறவன் எப்படி இவ்வளவு சின்னவனாகிவிட்டான் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. அவன் கிண்ணத்தின் மூடியைத் திறந்தான். ஆவி எழுந்தது. குனிந்தவன் ஒரு கணம் அப்படியே இருந்தான். பிறகு ஸ்பூனை எடுத்தான்.

அதற்கு மேல் சூப்பக்கா யோசிக்கவில்லை. மாவும் எண்ணெயும் அப்பிய ஏப்ரனோடு, நேராக வெளிச்சத்துக்குள் நடந்துபோனாள்.

கூட்டம் இருப்பது தெரிந்தது, முகம் ஒன்றும் தெரியவில்லை. மகளாக நடித்த பெண்ணின் வாய் திறந்தபடி நின்றது. சூப்பக்கா மேசைக்குப் போய்க் கிண்ணத்தைப் பிடித்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இது வேணாம். ஆறிப்போச்சு," என்றாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் சிரித்தார்.

தம்பி கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். உதடு அசையாமல், "போயிடுக்கா," என்றான்.

அவள் குனிந்து அவன் காதருகில், "முந்திரி இருக்குடா," என்றாள்.

அவன் விடவில்லை.

அவள் இழுத்தாள். அவனும் இழுத்தான். அவன் கண்ணில் இருந்தது பயமல்ல, கெஞ்சல். அவள் இரண்டு கையாலும் வெடுக்கென்று பிடுங்கியதில் பாதி மேசைவிரிப்பிலும் பாதி அவள் ஏப்ரனிலும் கொட்டியது. சுட்டது. காலிக் கிண்ணத்தை அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். இருட்டுக்குள் வந்ததும் அதை மேடை நிர்வாகியின் கையில் திணித்தாள்.

கெடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். அவன் இத்தனை வருஷம் காத்திருந்ததை ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டேன். பரவாயில்லை, உயிரோடு இருக்கிறான், திட்டட்டும்.

மேடையில் தம்பி கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தான். குடிக்க ஒன்றுமில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தான். துடைக்கும் துணியை எடுத்து, விரிப்பில் கொட்டியதை ஒற்றி எடுக்க ஆரம்பித்தான். விரிப்புக்கு வலிக்கும் என்பது போல, அவ்வளவு பதமாக. ஒற்றினான், துணியை மடித்தான், மறுபடி ஒற்றினான். அரங்கில் ஒரு இருமல் இல்லை. எல்லாம் துடைத்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. மகள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தபோதுதான் நிமிர்ந்து, "எனக்கு வேலை போயிடுச்சும்மா," என்றான்.

சூப்பக்கா இருட்டில் நின்று அழுதாள். அது அவள் தம்பி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

காட்சி முடிந்து திரை இறங்கியதும் அவன் நேராக அவளிடம் வந்தான். நரை பூசிய தலையிலிருந்து வேர்வை வழிந்தது.

"அதுல முந்திரின்னு தெரியும்க்கா," என்றான்.

"என்ன?"

"மூடியைத் திறந்ததுமே வாசனை வந்துடுச்சு. எனக்குத் தெரியாதா அந்த வாசனை?"

"தெரிஞ்சுமா ஸ்பூனை எடுத்தே?"

அவன் தரையைப் பார்த்தான். "குடிக்கலைன்னா அந்தக் காட்சியே இல்லக்கா. ரெண்டு ஸ்பூன் குடிச்சுட்டு சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். முடிஞ்சதும் மேல ஓடிப்போய் ஊசி போட்டுக்கலாம்னு."

அவள் அவனை அடித்தாள். தோளில், முதுகில், கிடைத்த இடத்தில். வாடகைக்கு எடுத்த கோட்டிலிருந்து தூசி பறந்தது. அவன் தடுக்கவில்லை. சந்தில் ஓடி வந்தபோது அவளுக்கு இருந்த பயம் தன் கையால் செய்த தவறைப் பற்றியது, அதைத் திருத்திவிட்டாள். இது வேறு. இவ்வளவு ஆசையை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறான், அதற்கு எதையும் கொடுக்கத் துணிந்துவிட்டான், அவனைப் போய்க் கடையைப் பார்த்துக்க என்றோமே. அடிக்கிற கை தானாக ஓய்ந்து அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டது.

"அடுத்த காட்சி," என்றாள் மேடை நிர்வாகி.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். போகும்போதே தோள் மறுபடி இறங்கியது.

"அக்கா, நீங்க போய் ஏப்ரனை மாத்துங்க. கை சிவந்திருக்கு பாருங்க."

சூப்பக்கா நகரவில்லை. "இந்த நாடகத்துல இனிமே எங்கயாவது சாப்பிடுறானா?"

"கடைசிக் காட்சியில ஒரு துண்டு ரொட்டி. அதுவும் உங்க கடை ரொட்டிதான்."

அந்த ரொட்டியில் மாவும் ஈஸ்டும் உப்பும் தவிர ஒன்றுமில்லை. காலையில் அவளே பிசைந்தது. ஆனாலும் கடைசிக் காட்சியில் தம்பி அதைப் பிட்டு வாயில் போட்டு, மென்று, விழுங்கி, அடுத்த வசனத்தைத் தெளிவாகச் சொல்லும்வரை அவள் மேடை ஓரத் திரையைப் பிடித்தபடியே நின்றாள்.