மைக் கொடுத்த முத்தம்

என் தம்பி கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன். அவனுடைய ஆம்ப்ளிஃபையருக்கு எங்கள் இரண்டு பேரையும்விட வயது அதிகம். கிட்டார் கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் வாயை வைத்தால் உதட்டில் சுருக்கென்று ஒரு அடி விழும். அவனும் அவன் கூட்டாளிகளும் அதற்கு ‘முத்தம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். முதல் பாட்டிலேயே முத்தம் விழுந்தால் அன்றைக்குக் கச்சேரி களைகட்டுமாம். இப்படிப்பட்ட மேதையோடுதான் நான் ஒரே வீட்டில் வளர்ந்தேன்.

இந்தப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. பழைய ஆம்ப்ளிஃபையர் எங்கே மக்கர் பண்ணினாலும் என் மேஜைக்குத்தான் வரும், இவனுடையதைத் தவிர. “நீ கை வச்சா சத்தம் மாறிடும்க்கா” என்பான். போன வாரம் அது அடியோடு வாயடைத்துப் போன பிறகுதான் தம்பி ஐயா தூக்கிக்கொண்டு வந்தார்.

திறந்து பார்த்தேன். ரெண்டே கம்பி உள்ள வயர், எர்த் கிடையாது. கரண்ட் வருகிற கம்பிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கெபாசிட்டர் இருந்தது. இரைச்சலைக் குறைக்க அந்தக் காலத்தில் வைத்தது. அது கசிந்தால் சட்டத்தில் கரண்ட் ஏறும், சட்டத்தோடு இணைந்த கிட்டார் கம்பியிலும் ஏறும், மைக்கில் வாய் பட்டதும் உடம்பு வழியாக இறங்கும். இத்தனை நாளாக முத்தம் கொடுத்த புண்ணியவான் இவர்தான். வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டேன். மூன்று கம்பி வயர் மாற்றி, எர்த்தைச் சட்டத்தில் தனி போல்ட் போட்டு முடுக்கினேன். வாயடைத்திருந்த கோளாறையும் சரி பண்ணிக் கொடுத்தனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. அடுத்த தெரு அரங்கத்தில் அவர்களுக்கு ஒத்திகை, ஆறு மணிக்குக் கச்சேரி.

“அக்கா, நீ போட்ட பிளக்கை மாட்டினா ஒரே உம்முனு இரைச்சல். டிரம்ஸ்காரன் ஒரு ரெண்டு பின் அடாப்டர் குடுத்தான், அதுல சொருகினதும் இரைச்சல் போயிடுச்சு. சொன்னா நம்பமாட்ட, முத்தம்கூட திரும்பி வந்துடுச்சு! முன்னைவிட ஜோரா இருக்கு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் மேஜையைப் பார்த்தேன். முத்தம் கொடுத்தவன் டப்பாவுக்குள் கிடந்தான். அப்படியென்றால் இப்போது கொடுப்பது யார்?

ஒரே ஆள்தான் மிச்சம், டிரான்ஸ்ஃபார்மர். அதற்குள் சுற்றியிருக்கும் கம்பியின் மேலுறை சூட்டில் இற்றுக்கொண்டிருக்கிறது. எர்த் இல்லாத அந்த அடாப்டரில் இருக்கும்போது அது முழுசாக இற்றுப்போனால், சுவரிலிருந்து வருகிற கரண்ட் அப்படியே கிட்டாருக்கு வந்துவிடும்.

“டேய், கிட்டார்லேர்ந்து கையை எடு.”

“ஏன்க்கா?”

“எடுடா! சுவத்துல சுவிட்சை அணைச்சுட்டு பிளக்கைப் பிடுங்கு. நான் வர்றவரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது.”

செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்ளாமலே ஓடினேன். போனால், மேடைப் படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எல்லார் காதுலயும் விழற மாதிரிதான் கத்துவியா?”

கிட்டாரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி வைத்தேன். அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று பின் பிளக்கை நேராகச் சுவரில் சொருகி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி சுவிட்சைப் போட்டேன். உள்ளே கண்ணாடிக் குழாய் வால்வுகள் மெல்லச் சிவந்தன. கொஞ்ச நேரம் உம் என்றது. அப்புறம் ‘டப்’. ஃபியூஸ் போய்விட்டது.

“செத்துப் போச்சா?” என்றான் தம்பி.

“செத்துப் போச்சு.”

“நல்லா ஓடிட்டிருந்ததை வந்து கொன்னுட்டியே!”

“எர்த் இருந்ததால கரண்ட் அது வழியாப் போச்சு, ஃபியூஸ் போச்சு. அந்த அடாப்டர்ல இருந்தப்போ இது ஆகியிருந்தா, கரண்ட் போறதுக்கு உன்னை விட்டா வேற வழியே இல்லடா. ஒரு கை கம்பியில, வாய் மைக்குல…”

அழுதுகொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தேன். டிரம்ஸ்காரன் அடாப்டரை எடுத்துக் காலால் நசுக்கி, குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தான்.

ஆறு மணிக்கு அரங்கத்தின் புது ஆம்ப்ளிஃபையரில் தொடங்கினார்கள். கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன், பூஜ்யம். ஆனால் தம்பி மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாடினான். “கேக்கலை!” என்று பின்வரிசையில் கத்தினார்கள். அவன் கிட்டே போகவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே வாங்கிய அத்தனை முத்தமும் இப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது.

நான் மேடை ஏறினேன். அவன் தோளில் தொங்கிய கிட்டாரின் கம்பியை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் மைக்கைத் தொட்டேன்.

“பாரு, ஒண்ணுமில்ல.”

“வாயை வச்சுக் காட்டு” என்றான் மெதுவாக. ஆறு வயதில் கசப்பு மருந்துக்கும் இதையேதான் சொன்னான், “நீ முதல்ல குடி” என்று.

மீட்டர் பூஜ்யம் காட்டியதை நான்தான் பார்த்தேன். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தேன். ‘இச்’ என்ற சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தம்பியும் சிரித்துவிட்டான். மைக்கைப் பக்கத்தில் இழுத்து, வாயை வைத்துப் பாட ஆரம்பித்தான்.

நான் இறங்கி மேடை ஓரத்துக்குப் போனேன். கடைசிப் பாட்டு முடியும்வரை மெயின் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.