நம் கொடிக்கு ஒரு நாடா

அப்பாவின் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றச் சின்னவள் கையை நீட்டியபோது, அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. நாப்பது வருஷமா கழுத்துல கிடக்கு. அதோடயே போகட்டும்."

சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள். விடிந்தும் விடியாமலும் தையல் மெஷின் மேல் தலை சாய்த்துக் கிடந்த அப்பாவை, ரொட்டிக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி, சுவரோரத்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. பெஞ்சுக்கு எதிரே துணி வெட்டும் மேஜை. மேஜை நிறையக் கொடிகள், இருபது ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் நம் நாட்டுக் கொடி ஒன்று, பக்கத்து நாட்டுக் கொடி ஒன்று. துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு கொடிகளைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பத்து மணிக்குக் கட்சிச் செயலாளர் வந்தார். செருப்பை வாசலில் விட்டார், தலை குனிந்தார், கண்ணை ஒருமுறை துடைத்தார். துடைத்த கண் நேராக மேஜைக்குப் போனது.

"மாஸ்டர் கடைசி மூச்சு வரைக்கும் கொடிக்கு உழைச்சிருக்காரு. எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்?"

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "பெரியவன் வந்து மண்ணு போடணுங்க. எல்லையில கூட்டு முகாம்ல இருக்கான். போன் பண்ணா, லீவு கிடையாதுங்கறாங்க."

"எப்படிக் கிடைக்கும்? நாளைக்குப் படை ஒப்பந்தம் கையெழுத்தாகுது. அந்த நாட்டுத் தலைவரே வர்றாரு." செயலாளர் குரலை இறக்கினார். "நான் ஒரு வார்த்தை சொன்னா விடுவாங்க. ஆனா மேல பேசறதுக்கு முன்னாடி, கொடி தயார்னு நான் சொல்லியாகணும். எல்லாம் முடிஞ்சுதா?"

"ஒரு ஜோடிக்கு ஓரம் மட்டும் வெட்டணும்" என்றாள் சின்னவள்.

"நீ செய்வியாம்மா?"

தலையை ஆட்டினாள்.

"ஒரு மணிக்கு வரேன். வழக்கம்போல அளந்து பாத்துத்தான் எடுப்பேன். ரெண்டு அங்குலம். மறந்துடாதே."

மறக்கக்கூடியதா அது? ஆறு மாதத்துக்கு முன்பு இதே அறையில் செயலாளர் அதைச் சொன்னபோது சின்னவள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் முந்தின வருஷம், 'எவன் படையோடும் நம் படை சேராது' என்று துணியில் எழுத்து வெட்டித் தைத்துக் கொடுத்தவர் அப்பாதான். பத்து நாடுகள் சேர்ந்து, ஒருவரை அடித்தால் எல்லோரும் வருவோம் என்று ஒப்பந்தம் போட்ட செய்தி அப்போது வந்திருந்தது. தனியாக நிற்க முதுகெலும்பு இல்லாதவர்கள் கைகோத்துக்கொள்கிறார்கள் என்று நம் தலைவர் வானொலியில் சிரித்தார். பிறகு ஒருநாள், பக்கத்து நாட்டோடு நம் தலைவரே கை குலுக்கினார். தைத்த எழுத்துகளை அப்பா பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். துணி வீணாகவில்லை. 'இரு கொடி, ஒரு ரத்தம்' என்பதற்கு அதே எழுத்துகளில் பாதி உதவின.

"நம்ம கொடி அவங்களோடத விட ரெண்டு அங்குலம் நீளமா இருக்கணும் மாஸ்டர்" என்றார் செயலாளர் அன்று. "வெளிய தெரியக்கூடாது."

"வெளிய தெரியாத நீளம் எதுக்குங்க?"

"நமக்குத் தெரிஞ்சா போதும்."

"அவங்க நம்ம கூட்டாளிதானே?"

"கோழைங்க போடற கூட்டு மாதிரி இல்ல மாஸ்டர் இது. பலசாலிக்கும் பலசாலிக்கும் நடுவுல நடக்கறது. கை குலுக்கும்போதும் எந்தக் கை மேல இருக்குன்னு பாக்கணும். இன்னிக்குக் கூட வேட்டையாடறவன் நாளைக்கு நம்ம பங்கையும் கேப்பான்ல?"

அப்பா ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார்: "அந்தப் பக்கமும் ஒரு தையக்காரன் இருப்பானே, அவன்கிட்ட என்ன சொல்லியிருப்பாங்க?"

செயலாளர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சின்னவளுக்கு மட்டும் அந்தக் கேள்வி பல நாள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது அவள் கடைசி ஜோடியை விரித்துப் போட்டாள். சுவரில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தாள். நம் கொடி 62. அவர்கள் கொடி 60. எதற்கும் முடிந்தது ஒன்றை அளந்து பார்த்துவிட்டு வெட்டுவோம் என்று, மேஜை மேல் கிடந்த வெள்ளை நாடாவை எடுத்து நம் கொடி மேல் வைத்தாள்.

அறுபது.

நுனியைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி வைத்தாள். அறுபதுதான். அடுத்தது, அதற்கடுத்தது, அவர்கள் கொடி, எல்லாமே அறுபது. பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவள் வேலை செய்வதாக நினைத்தார்கள். ஒரு மணிக்கு அந்த மனிதர் வந்து அளப்பார். அளந்தால் அண்ணன் வரமாட்டான். அண்ணன் வராதது மட்டுமா? செத்துக் கிடக்கும் மனிதரைத் துரோகி என்பார்கள்.

ஆனால் இதுவரை ஐந்து தடவை அளந்திருக்கிறாரே. ஒரு தடவைகூடவா கண்ணில் படவில்லை?

பயத்தையும் தாண்டி அந்த இடத்தில்தான் அவளுக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. எப்படி? கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். செயலாளர் நிற்கிறார். அப்பா தன் கழுத்திலிருந்து பழுப்பேறிய எண்பது அங்குல நாடாவை எடுத்து நம் கொடியை அளக்கக் கொடுக்கிறார். அவர்கள் கொடிக்கு மேஜையிலிருந்து வெள்ளை நாடாவைக் கொடுக்கிறார். "ஏன் மாஸ்டர் ரெண்டு நாடா?" என்று முதல் தடவை செயலாளர் கேட்டதும், அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னதும் அப்படியே வந்தது.

"என்னங்க நீங்க, நம்ம கொடிய அளந்த நாடாவால அடுத்தவன் கொடிய அளக்கலாமா?"

செயலாளர் அப்பாவை இழுத்துக் கட்டிப்பிடித்தார். அடுத்த கூட்டத்தில் மேடையிலேயே அதைச் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம்.

சின்னவள் பெஞ்சருகே போய்க் குனிந்தாள். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் பழுப்பு நாடாவின் பித்தளை நுனியைத் திருப்பிப் பார்த்தாள். பித்தளையை ஒட்டி முதல் எண்ணாக மூன்று இருந்தது. ஒன்றும் இரண்டும் இல்லை. முன்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பித்தளையைத் திரும்ப மடக்கி அடித்திருந்தார். அறுபது அங்குலத் துணியை இதனால் அளந்தால் அறுபத்திரண்டு காட்டும்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா ஏன் ரெண்டையும் ஒரே அளவா..." கிசுகிசுத்தாள்.

"ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஒரே வெட்டா வெட்டுவாரு. தனித்தனியா வெட்டச் சோம்பல்" என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சோம்பேறியா அப்பா? பித்தளையை மடக்கி அடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! வேறு ஏதாவது காரணம் இருந்திருக்கும். அதைச் சொல்லவேண்டிய ஆள் வாய்மூடிக் கிடந்தார்.

அவள் மேஜைக்குத் திரும்பினாள். கடைசி ஜோடியை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். அப்பாவின் கனத்த கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரே வெட்டு.

ஒரு மணிக்குச் செயலாளர் வந்தார். கொடிகளைத் தடவிப் பார்த்தார். "நம்ம நாடா எங்கம்மா?"

அறையில் இருந்த எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள்.

"அது அவரு கழுத்துல..." ரொட்டிக்கடைக்காரர் இழுத்தார். "வெள்ளை நாடா இருக்குதே, அதால அளந்தா ஆகாதா?"

"ஆகாது" என்றாள் சின்னவள். அவள் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. "அது அடுத்தவங்க கொடிய அளந்த நாடா."

செயலாளர் நெகிழ்ந்துபோனார். "புலிக்குப் பொறந்தவ" என்றார்.

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து, அப்பாவின் தலையை மெல்லத் தூக்கிப் பிடித்தாள். நாடா கழன்று வந்தது. சின்னவள் பித்தளை நுனியைத் தன் கட்டைவிரலுக்கடியில் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் செயலாளர் கையில் கொடுத்தாள்.

"அறுபத்திரண்டு" என்றார். அடுத்தது. "அறுபத்திரண்டு." ஏழாவதோடு நிறுத்திக்கொண்டார். வெள்ளை நாடாவால் அவர்கள் கொடி மூன்றை அளந்தார். அறுபது, அறுபது, அறுபது. பிறகு வாசலுக்குப் போய் போன் பேசினார். "நம்ம மாஸ்டர் பையன்... ஆமா, உடனே அனுப்புங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே வந்த செயலாளருக்கு இன்னொரு யோசனை உதித்திருந்தது. "ஒரு ஜோடிய மாஸ்டர் மேல போத்துவோம். அவங்களோடது அடியில, நம்மது மேல. ரெண்டு அங்குலம் தாண்டி நிக்கட்டும்."

மறுக்க நேரமில்லை. அவரே விரித்தார். தலைமாட்டில் ஓரங்களைச் சரிசெய்துவிட்டுக் கால்மாட்டுப் பக்கம் அவர் வருவதற்குள், சின்னவள் இரண்டு கொடிகளின் முனைகளையும் சேர்த்துப் பிடித்து அப்பாவின் குதிகாலுக்கு அடியில் செருகிவிட்டாள்.

"ஈ மொய்க்குதுங்க" என்றாள்.

மீதிக் கொடிகளை ஏற்றிக்கொண்டு வண்டி போயிற்று.

அண்ணன் வந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. முகாமிலிருந்து சீருடையோடு அப்படியே வந்திருந்தான். அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். தூக்கும் நேரம் வந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொடி மண்ணுக்குள்ள போகக்கூடாது. அந்தப் பக்கம் பிடி" என்றான்.

இரண்டு கொடிகளையும் சேர்த்தே தூக்கினார்கள். அண்ணன் தலைமாட்டில், அவள் கால்மாட்டில். மடிப்பதற்காக அவன் நெருங்கி வந்தபோது, நான்கு முனைகளும் அவர்கள் கைகளில் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. பழகின கை மடித்துக்கொண்டே போனது.

"அண்ணா, அங்க முகாம்ல கொடி யாரு தைக்கறாங்க?"

"அவங்க நாட்டு ஆளு யாரோ. பெட்டியில வரும். நான் பாத்ததில்ல. ஏன்?"

"அங்க... எது பெருசு?"

அண்ணன் இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தான்.

"எது பெருசா? தினமும் சாயங்காலம் நான்தான் ரெண்டையும் இறக்கிச் சேத்து மடிக்கறேன். இதே மாதிரிதான். ஓரம் பிசகாது."

மடித்த கொடியை அவள் கையில் வைத்துவிட்டு, பெஞ்சைத் தூக்க அவன் போய்விட்டான்.

சின்னவள் மேஜையிலிருந்த வெள்ளை நாடாவை எடுத்து அப்பாவின் கழுத்தில் போட்டாள். பழுப்பு நாடா எங்கே என்று தேடினாள். அது அவள் தோளிலேயே, ஒரு பக்கம் முழங்கால்வரை இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது போட்டுக்கொண்டாள் என்று நினைவில்லை.

அம்மா பக்கத்தில் வந்தாள். தினமும் காலையில் அப்பாவுக்குச் செய்வதுபோல், நாடாவின் இரண்டு முனைகளும் ஒரே மட்டத்துக்கு வரும்படி இழுத்துவிட்டுப் போனாள்.