வளவுக்குள் நின்ற கார்

வாப்பா எனக்குக் கார் வாங்கித் தந்தது சரியா பிழையா என்று சாய்ந்தமருதில் எல்லோரும் கதைத்தார்கள். அப்துல் ஹமீட் மாஸ்டர் பள்ளிவாசல் படியில் வைத்தே கேட்டார்.

"முகைதீன்பாவா, பதினெட்டு வயசுப் பொடியனுக்குக் காரா? அதுவும் பள்ளிக்கூடத்த விட்டவனுக்கு. இதென்ன, பரிசா?"

"பரிசில்ல மாஸ்டர். பங்கு," என்றார் வாப்பா.

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். எனக்கு மூத்தவள் றபீக்கா ராத்தாவுக்குக் கலியாணம் முடிந்ததும் நாங்கள் பிறந்த வீடும் அதைச் சுற்றிய வளவும் அவளுடையதாயிற்று. அவள் புருஷன் றஸாக் மச்சான் ஒரு பெட்டியோடு வந்து நடு அறையில் குடியேறினார். வாப்பாவும் உம்மாவும் குசினிக்குப் பின்னால் கூரை சாய்த்து இறக்கிய பத்திக்குப் போனார்கள். எனக்கு விறாந்தை. ஆண்பிள்ளை நாளைக்கு இன்னொருத்தியின் வீட்டுக்குப் போகிறவன். அவனுக்கு எதற்கு இடம்? யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அப்படித்தான் நடக்கும். வாப்பாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். எண்பத்திரண்டில் குத்தகை வயலில் வேளாண்மை நன்றாக விளைந்தது. அந்தக் கையோடு மட்டக்களப்பில் ஒரு பழைய மொறிஸ் மைனர் வாங்கி வந்தார்.

"வீடு அவளுக்கு. இது உனக்கு," என்று கார்த் திறப்பை என் கையில் வைத்தார். நான் நம்பினேன்.

எனக்கு நெல் மில்லில் இரவு வேலை. விடிந்து வந்து படுத்தால் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் எழும்புவேன். முதல் கிழமையே எழும்பிப் பார்த்தபோது மாமரத்தடியில் கார் இல்லை.

"மருமகன் கொண்டுபோயிட்டாரு," என்றார் உம்மா.

"என்னட்டக் கேட்டாரா?"

"நீ நித்திர. மறுகா, மருமகன் கேட்டா இல்லெண்ட ஏலுமா? மீன் தலையக் கூட அவருக்குத்தானே வைக்கிறம்."

"மீன் தலைய வைங்க. கார வைக்காதீங்க."

அதன் பிறகு கார் மச்சான் வேலை செய்யும் கந்தோருக்குப் போனது. மருதமுனையில் அவருடைய உம்மா வீட்டுக்குப் போனது. அவர் கால் நீளத்துக்கு இழுத்து வைத்த சீற்றை நான் ஒவ்வொரு முறையும் முன்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"றவூப், ஞாயிறு கூட்டாளிமாரோட பொத்துவில் போறன்," என்றார் மச்சான். "திறப்ப மேசையில வச்சிரு."

"வைக்கமாட்டன் மச்சான்."

ராத்தாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. வாப்பா சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குடு மனே."

"என்ட பங்கெண்டு சொன்னீங்க."

"உன்டதான். ஆனா நிக்கிறது அவள்ர வளவில. வளவுக்குள்ள நிக்கிற சாமான மருமகனுக்கு இல்லெண்டு நான் எப்பிடிச் சொல்ற?"

அப்போதுதான் விளங்கிற்று. காரைத் தந்த மனிதரிடம் அதை நிறுத்த ஒரு முழ நிலம் இல்லை.

"அப்ப நிக்கிற இடத்த மாத்துறன்," என்று எழும்பிக் கை கழுவினேன். காரைக் கொண்டுபோய் மில்லில் நெல் காயப்போடும் களத்தோரம் விட்டேன். படுக்கையும் அதற்குள்தான்.

ஞாயிறு காலை வாப்பா சைக்கிளில் வந்தார். களத்தில் அவித்த நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களில் ஹவ்வா உம்மா அவரைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"காக்கா, உங்கட மகன் காரோட குடிபோயிட்டான். சீதனம் என்ன குடுத்தீங்க?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை.

"திறப்பத் தா. மருமகன் உடுத்துப்போட்டு நிக்காரு."

"தரமாட்டன்."

"மாஸ்டர் சொன்னதுதான் சரி. இந்த வயசில உனக்குக் கார் குடுத்தது பிழ."

"குடுத்தது பிழையில்ல வாப்பா. குடுத்திட்டுக் கேக்கிறதுதான் பிழ. வேணுமெண்டா திருப்பி எடுங்க. எடுத்து, மருமகனுக்குத்தான் வாங்கினன் எண்டு ஊருக்குச் சொல்லுங்க. எனக்குத் தந்ததெண்டு மட்டும் சொல்லாதீங்க."

திறப்பை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காரை ஒருமுறை சுற்றி வந்தார். கண்ணாடியில் படிந்திருந்த உமித் தூசைச் சாரன் நுனியால் துடைத்தார்.

"உம்மா சோத்தப் போட்டு வச்சிட்டு அழுறா. வந்து தின்னு."

"வாறன். கார் வராது."

சைக்கிளை நான் மிதித்தேன். வாப்பா பின்னால் இருந்தார். வேலிக் கடப்படியில் மச்சான் மினுக்கிய சட்டையோடு நின்றார். பக்கத்தில் கூட்டாளிமார் இரண்டு பேர். எங்களுக்குப் பின்னால் றோட்டை எட்டிப் பார்த்தார்.

"கார் எங்க மாமா?"

"மில்லடியில," என்றார் வாப்பா. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது அவன்ட."

"அப்ப நாங்க எதில போற?"

நான் சைக்கிளை அவர் பக்கம் தள்ளினேன். "இது இரிக்கி மச்சான்."

கூட்டாளி ஒருவன் சிரித்துவிட்டான். மச்சானின் முகம் கறுத்தது. வாப்பா இதற்கு என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டிச் சைக்கிளைப் பிடித்தார்.

"தா. இது என்ட."

அதை வளவுக்குள் கொண்டுபோகவில்லை. வேலிக்கு வெளிப்புறமாக, றோட்டோரம் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தார்.