விருந்தாளி எழுந்திருக்கும் வரை

எங்கள் தீவில் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பது லேசான வேலை என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அப்படி நினைப்பவர்களில் முதல் ஆள் என் கேப்டன் ஹால்டன். ஹொனலுலுவில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, திங்கட்கிழமைதோறும் கம்ப்யூட்டர் திரையில் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசுவார். மற்ற ஊர்களில் ஆள் சேர்க்கும் சார்ஜென்ட்கள் வரிசையாக அழுவார்கள். சீருடையோடு கடைவீதியில் நின்றால் பையன்கள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள், போன் செய்தால் அம்மாக்கள் திட்டுகிறார்கள் என்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கேப்டன் என் பக்கம் வருவார்.

"உங்களுக்கென்ன சார்ஜென்ட் பெலெனாத்தோ. தென்னமரத்தடியில உக்காந்திருக்கீங்க. ஆளுங்க தானா வந்து விழறாங்க."

வந்து விழுவது உண்மைதான். எங்கள் பிள்ளைகளுக்கு மீன் டப்பா ஆலையை விட்டால் ராணுவம், ராணுவத்தை விட்டால் மீன் டப்பா ஆலை. காலையில் நான் அலுவலகக் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் கூட்டம் நிற்கும். ஓர் ஊர்த் தலைவர் தன் மூன்று மகன்களையும் கூட்டிவந்து என் மேஜை முன்னால் நிறுத்தி, "எது வேணுமோ எடுத்துக்கப்பா. மூணையும் எடுத்துக்கிட்டா இன்னும் நல்லது" என்றார். ஓர் அம்மா, தன் மகனைப் பீரங்கி பக்கம் விடக்கூடாது, பனி பெய்யும் ஊருக்கு அனுப்பக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் சர்ச்சுக்கு விடவேண்டும், ஆனால் சீக்கிரம் ஜெனரல் ஆக்கிவிட வேண்டும் என்றாள். பார்க்கிறேன் என்றேன். இந்த வேலையில் நான் அதிகம் சொல்லும் பொய் அதுதான்.

இத்தனை பேர் வந்தும் பாதிப் பேர் எழுத்துத் தேர்விலேயே போய்விடுவார்கள். இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் எப்போது சந்திக்கும் என்று அதில் ஒரு கேள்வி. எங்கள் தீவில் ரயிலே கிடையாது. தேர்வு எழுதிவிட்டு வந்த ஒரு பையன் என்னிடம், "எதுக்கு சார் ரெண்டையும் எதிரெதிரா விட்டாங்க? இடிச்சுக்காதா?" என்று கேட்டான். எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. மதிப்பெண் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.

இன்னொருவன் சுவரில் இருந்த அதிபர் படத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கு நாம ஓட்டுப் போடலாமா சார்?" என்றான்.

"நம்ம தீவுக்காரங்க போட முடியாதுப்பா. சல்யூட் மட்டும் அடிக்கலாம்."

"சரி சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

தேர்வில் தப்பித்தவர்கள் இடுப்பளவில் மாட்டிக்கொள்வார்கள். உயரத்துக்கு இவ்வளவு எடை, எடை மீறினால் இடுப்புச் சுற்றளவு இவ்வளவு என்று ராணுவத்துக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவன் எங்கள் வீடுகளில் ஒருநாளும் சாப்பிட்டிருக்க மாட்டான். என் மேஜை இழுப்பறையில் ஒரு அளவு நாடா இருக்கிறது. துப்பாக்கியைவிட அதைக் கண்டுதான் எங்கள் பையன்கள் நடுங்குவார்கள்.

அந்த மாதம் நானும் நடுங்கிக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயதில் போனவன், பனியிலும் மணலிலும் காலத்தைக் கழித்துவிட்டு, ஒரு வழியாகச் சொந்தத் தீவுக்கே வேலையாக வந்திருந்தேன். குடாவை ஒட்டிய என் ஊரில் வீடு கட்ட ஆரம்பித்தோம். தூண்கள் நிற்கின்றன, கூரை இல்லை. டெக்சாஸில் பிறந்த என் மகள் இப்போதுதான் எங்கள் பாஷையில் சித்தப்பா பிள்ளைகளோடு சண்டை போடப் பழகியிருந்தாள். இந்த நேரத்தில் தீவில் என் பணிக்காலம் முடிகிறது. கேப்டன் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த மாசம் இன்னும் ஒரு ஆள் வேணும். அதோட உங்க இடுப்பளவும் எடுக்கணும். அது சும்மா சம்பிரதாயம்தான், உங்களுக்குப் பிரச்சினை இல்ல. ரெண்டும் சரியா இருந்தா இன்னும் மூணு வருஷம் அங்கயே இருங்க, நான் கையெழுத்துப் போடறேன். இல்லன்னா மினசோட்டா."

மினசோட்டா அலுவலகத்தின் படத்தையும் அனுப்பி வைத்தார். ஒரு டோனட் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே இருந்தது. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. என் மனைவி ரூத்தா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அந்த ஒரு ஆளாக எனக்குக் கிடைத்தவன் சவுனி. குடாவுக்கு எதிர்ப்பக்க ஊர்க்காரன். தேர்வில் நல்ல மதிப்பெண். ரயில் கேள்வியைக்கூடச் சரியாகப் போட்டிருந்தான். ஹெலிகாப்டர் பழுதுபார்க்கப் படிக்கவேண்டும் என்று ஆசை. நல்ல பையன், சாது. இடுப்பு மட்டும் மூன்று அங்குலம் கூடுதல். மாதக் கடைசியில் கேப்டன் வந்து அளக்கும்போது அந்த மூன்று அங்குலம் இருக்கக்கூடாது.

"சாப்பாட்டக் கொறைடா" என்றேன்.

"சரி சார்" என்றான்.

மறுநாள் அவனை வளர்த்த பெரியம்மா லூப்பே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். பெரிய உடம்பு, பெரிய குடை. குடையைக் கதவில் மாட்டினாள், எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீதான் என் புள்ளய சாப்பிடக் கூடாதுன்னு சொன்னியா?"

"கொஞ்சமாத்தான் பெரியம்மா. ராணுவத்துல விதி."

"தாயில்லாப் புள்ள. லூப்பே பட்டினி போடறான்னு ஊரு பேசும். சர்ச்சுல நான் எப்படித் தலைநிமிந்து ஒக்கார்றது? ராணுவத்துக்கு ஆம்பள வேணுமா, ஈர்க்குச்சி வேணுமா?"

அன்று ராத்திரி சவுனிக்கு இரண்டு பங்கு வைத்திருக்கிறாள். அவன் வேண்டாம் என்றிருக்கிறான். உடனே பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று போதகர் எலிசாயாவை வரவழைத்து ஜெபம் செய்ய வைத்து, ஜெபத்துக்கு வந்தவர்களுக்காக ஒரு பன்றியை அடித்துவிட்டார்கள். அடுத்த தடவை நான் அளந்தபோது சவுனி மூன்றரை அங்குலம் கூடுதலாக இருந்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நேரில் பேசிப் பார்க்கலாம் என்று ஒருநாள் மாலை லூப்பே வீட்டுக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் பாயை விரித்து உட்கார வைத்துவிட்டாள். சுட்ட சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலை, வான்கோழி வால், டின் மாட்டிறைச்சி, ஈரப்பலா. வந்த காரியத்தை மறந்து சாப்பிட ஆரம்பித்தேன். பாதியில்தான் கவனித்தேன். சவுனி என் பக்கத்தில் நின்றுகொண்டு விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் சாப்பிடவில்லை.

சாப்பிட முடியாது. குடும்பத் தலைவர் பட்டம் வாங்காத இளவட்டம், எங்கள் வழக்கப்படி விருந்தாளி சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை பரிமாற வேண்டும், விசிற வேண்டும். வாயில் ஒரு பருக்கை போடக்கூடாது. விருந்தாளி மிச்சம் வைத்ததுதான் பிறகு அவனுக்கு. நானும் சின்ன வயதில் இப்படி நின்று, எழுந்திருக்காத விருந்தாளிகளை மனதுக்குள் சபித்திருக்கிறேன்.

கையில் எடுத்த கிழங்கைத் திரும்ப வைத்தேன். அப்புறம் மறுபடி எடுத்து, மிக மெதுவாகக் கடித்தேன்.

அன்றிலிருந்து நான் தினமும் லூப்பே வீட்டு விருந்தாளி. ராணுவ சம்பந்தமாக ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மாலையில் போய் உட்காருவேன். பேசுவேன், சாப்பிடுவேன், மறுபடி பேசுவேன். கூட உட்கார்ந்து சாப்பிடும் சவுனியின் மாமாக்கள் யாராவது எழுந்திருக்கப் பார்த்தால் போர்க் கதை ஒன்றை எடுத்துவிடுவேன். நான் பார்க்காத போர்களெல்லாம் அந்த வீட்டில் நடந்தன. சவுனி கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பான். அவன் வயிறு கத்துவது எனக்கே கேட்கும். மிச்சம் வைத்தால் அவன் வயிற்றுக்குப் போகுமே என்று எலும்பைக்கூட விடாமல் சப்பினேன். நான் எழுந்திருக்கும்போது தட்டில் ஒரு துண்டு மீனும் பப்பாளியும்தான் இருக்கும். அவனுக்கு நான் ஒதுக்கியது அதுதான்.

லூப்பே சந்தோஷமாக அள்ளி அள்ளி வைத்தாள். "ராணுவத்துல ஒனக்குச் சோறே போடலயாப்பா? பாவம்."

சவுனி ஒருநாள் வாசல் வரை வந்து, "சார், நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டான். குரலில் வரவேற்பு இல்லை.

"வருவேன். ஹெலிகாப்டர் வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

"அப்ப விசிறு."

வீடுகளுக்குப் போகும்போது நான் லாவாலாவாதான் கட்டுவேன். உங்கள் வேட்டி மாதிரி அது எந்த வயிற்றுக்கும் இடம் கொடுக்கும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது. அலுவலகத்தில் சீருடைச் சட்டையைத் தொளதொளவென்று விட்டுக்கொண்டேன். பெல்ட்டில் ஓட்டை மாறிக்கொண்டு போவதைப் பார்த்தேன், தோல் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். மனிதனுக்கு மற்றவன் இடுப்புதான் கண்ணுக்குத் தெரியும். ரூத்தா மட்டும் ஒருநாள், "ஆள் சேக்கறீங்களா, இல்ல சதை சேக்கறீங்களா?" என்றாள். பொறாமையில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் விருந்து சாப்பிடுகிறேனே.

மாதக் கடைசியில் கேப்டன் வந்து இறங்கினார். ஒல்லியான மனுஷன், கையில் தண்ணீர் பாட்டில். என் அளவு நாடாவை நம்பாமல் சொந்த நாடா கொண்டுவந்திருந்தார். சவுனியை நிறுத்தி அளந்தார். திரும்பவும் அளந்தார். அளவுக்குள் இருந்தது. சவுனியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. என் கண்ணில் கூரை தெரிந்தது.

"அருமை சார்ஜென்ட். எப்படிச் சாதிச்சீங்க?"

"ஒழுங்குமுறைதான் சார்."

"ரொம்ப நல்லது. இப்ப நீங்க வாங்க. சும்மா சம்பிரதாயம்."

சட்டையைத் தூக்கினேன். கேப்டன் நாடாவைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இரண்டு அங்குலம் அதிகம்" என்றார்.

"நாடா புதுசு சார்."

"பையன அதே நாடாலதான் அளந்தேன்."

என்ன சொல்வது? ஒரு படைவீரனின் இடுப்பைக் குறைக்க என் இடுப்பைக் கொடுத்தேன் என்றா? ராணுவத்தில் இதைவிடக் குறைவான தியாகத்துக்கெல்லாம் பதக்கம் குத்தியிருக்கிறார்கள். கேப்டன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு மாதம் அவகாசம், அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் மினசோட்டா என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு முன்னுதாரணமாக இருக்க வேண்டியவன் என்பது பற்றியும் கொஞ்சம் பேசினார். நான் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டேன். வயிற்றை உள்ளே இழுக்கப் பார்த்தேன், அது வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் லூப்பே வீட்டில் சவுனிக்கு வழியனுப்பு விருந்து. கேப்டன் காலை விமானத்திலேயே போய்விட்டிருந்தார். நான் ரூத்தாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். போதகர் எலிசாயாவுக்குப் பக்கத்தில் சவுனி உட்கார்ந்திருந்தான். போகிறவன் என்பதால் அன்றைக்கு அவனும் விருந்தாளி. நடுவில் முழுப் பன்றி. என் வழக்கமான இடத்தில் உட்காரப் போனேன்.

"எழுந்திரு" என்றாள் லூப்பே.

"என்ன பெரியம்மா?"

என் கையில் விசிறியைத் திணித்தாள். "சவுனி எல்லாத்தையும் சொல்லிட்டான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? எதுக்கு நீ தெனமும் வந்து கொட்டிக்கறேன்னு ரெண்டாம் நாளே தெரியும். பாதியில எழுந்துடப் போறியேன்னுதான் அள்ளி அள்ளி வச்சேன். என் புள்ள பட்டினி கெடந்தான்னு ஊரு சொல்ல முடியாது பாரு. விருந்தாளி வந்திருந்தாங்கன்னுதான் சொல்லும்."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பெரியம்மா. என் கதி என்ன ஆச்சு பாருங்க."

"அதுக்குத்தான் விசிறி குடுத்திருக்கேன். போதகர் தெனமும் சாயங்காலம் வருவாரு, சொல்லிட்டேன். அவரு பேசிப் பேசிச் சாப்பிடறவரு. நீ நில்லு."

எனக்கு ரோஷம் வந்தது. "நான் வேற ஊர்க்காரன் பெரியம்மா. விருந்தாளி எப்படி விசிறுவான்?"

"இத்தன நாளு என் வீட்டுல தின்னவன் இன்னும் விருந்தாளியா? நீ என் புள்ளதான். புள்ளைங்க நிக்கணும்."

மாமாக்கள் சிரித்தார்கள். என் மகள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சார்ஜென்ட் பட்டையெல்லாம் வாங்கிய நான், மீசை முளைக்காத பையன்களோடு வரிசையில் நின்று விசிறினேன். பன்றிக்கறி வாசனை மூக்கில் ஏறியது. வயிறு கத்தியது, போதகருக்கே கேட்டிருக்கும். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் நோவாவின் பேழையில் தீவனம் எப்படிப் பங்கிட்டார்கள் என்று ஆரம்பித்தார். உலகத்திலுள்ள எல்லோர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் புள்ள என்று சொன்னதால் விசிறியைக் கீழே வைக்கவில்லை.

சவுனி ஒரு சின்னத் துண்டுக் கிழங்கைக் கிள்ளி எடுத்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நாங்க மெதுவாத்தான் சாப்பிடுவோம் சார். கவலப்படாதீங்க."

எங்கள் பழைய வீடுகளைப் போல அந்த வீட்டுக்கும் சுவர் கிடையாது, தூண்கள்தான். குடாவுக்கு அந்தப் பக்கம், கூரையில்லாத என் வீட்டின் தூண்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டே விசிறினேன். போதகர் தட்டை என் பக்கம் நீட்டி, இன்னும் கொஞ்சம் வை என்றார். நிறைய வைத்தேன்.