மாம்பெத் கடித்துத் தீர்த்த நான்கு தங்க உறைகள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பல்லுக்குத் தங்க உறை செய்தவன் நான். வேன் ஓட்டும் மாம்பெத்துக்கு ஒரே கடைவாய்ப் பல்லுக்கு நான்கு உறை செய்தேன். நான்கையும் தேய்த்துத் துளை போட்டுவிட்டான். ஊரே 'குருத்' என்ற எங்கள் ஊர்த் தின்பண்டத்தைக் கைகாட்டியது. கல்லாய்க் காய்ந்த அந்தத் தயிர் உருண்டைகளை ஓட்டும்போதெல்லாம் கடிப்பான். நானும் "குருத்தை விடு" என்றேன். ஒவ்வொரு முறையும் உறையைத் தடிப்பாக்கினேன்.* ஓராண்டு விட்டான். ஒரு கிர்கிஸ்காரன் குருத்தை விடுவதென்றால், அது ஏதோ… (உவமை சிக்கவில்லை. போகட்டும்.) அப்படியும் ஐந்தாவது உறைக்கு வந்து நின்றான். ஓய்வு பெற்றவன் நான். பல் மருத்துவர் ஜூராவிடம் அழைத்துப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான்.

2.

முதல் வரைவு: "மாம்பெத் வாயைத் திறந்ததும் தங்கச் சுரங்கமே தகதகவென்று…" வேண்டாம். ஜூரா என்னைப்போல் அளக்கிறவள் அல்ல. அவள் கண்டது: தட்டையாகத் தேய்ந்த பற்கள், வறண்ட வாய், வீங்கிய ஈறு, ஓரமெல்லாம் பல் தடம் பதிந்த நாக்கு.

"அண்ணே, குறட்டை விடுவீங்களா?"

"தூங்குறவனுக்கு எப்படித் தெரியும் தங்கச்சி?"

மூலையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த அவன் மனைவி பாத்மா சிரித்தாள். "இவர் குறட்டையில பக்கத்து வீட்டு ஆடு நாளுக்கு முன்னாடியே குட்டி போட்டுருச்சு."

(என் கைச்சரக்கு அல்ல, அவளே சொன்னது.)

3.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு ஜூரா கை கழுவப் போனாள். காலை பதினோரு மணி. மாம்பெத் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். குறட்டை எழுந்தது. நின்றது. மூச்சும் நின்றது. மார்பு மட்டும் துடித்தது. ஜூரா பார்த்து, ஓடிவந்து தோளை உலுக்குவதற்குள் இருபத்தாறு நொடி. பல்லை நறநறவென்று கடித்தபடி மூச்சை இழுத்தான்.

எதையும் பத்தால் பெருக்கிச் சொல்கிறவன் நான். இந்த இருபத்தாறில் கை வைக்கவில்லை. எனக்குத் துணிவு வரவில்லை.

"அக்கா! மூச்சு நின்னுபோச்சு!" ஜூரா கத்தினாள்.

"நிக்கும், வரும். வீட்டுல தினமும் இதான்" என்றாள் பாத்மா. "அந்தச் சத்தமில்லாத நேரம் பார்த்துத்தானே நான் கண்ண மூடுவேன்."

ஜூரா பாத்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தூக்கத்துல தொண்டை அடைச்சுக்குது. மூச்சுக்குப் போராடித்தான் பல்லக் கடிக்கிறார். வாயால மூச்சு விட்டு ஈறும் கெடுது. இப்படியே போனா ரத்த அழுத்தம் ஏறும், இதயம் தாங்காது. ஸ்டீரிங்லயே தூங்கிருவார்."

பாத்மாவின் கையிலிருந்து பின்னல் ஊசி விழுந்தது. "இருபது வருசமா…" என்றாள்.

* தடிப்பாக்கியவன் ஒருமுறையாவது தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

4.

"தூக்கப் பரிசோதனை ஒண்ணு செய்யணும் அண்ணே. அது முடியுறவரை வண்டி எடுக்காதீங்க" என்றாள் ஜூரா.

"நாளைக்குப் பதினஞ்சு பேர ஏத்திக்கிட்டு மலைக் கணவாய் வழியா பிஷ்கேக் போகணும். குறட்டைக்குப் பயந்தேன்னா ஊரு சிரிக்காதா?"

முடிவு ஒன்று எழுதினேன்: அவன் ஒப்புக்கொள்கிறான். பொய்யாக ஒலித்தது, அடித்துவிட்டேன். முடிவு இரண்டில் கணவாய் வந்தது. இரண்டு வரிக்குமேல் கை ஓடவில்லை.

ஆகவே நடந்தது வரை சொல்கிறேன். மாம்பெத் குனிந்து வாய் கொப்பளித்தான். பாத்மா அவன் கோட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துத் தன் பூட்ஸுக்குள் போட்டாள். நான் பார்த்தேன். இவ்வளவு நேரம் கதை கேட்டபடி என் பக்கத்து நாற்காலியில் இருந்த நீங்களும் பார்த்தீர்கள்.

மாம்பெத் கோட்டுப் பையைத் தடவுகிறான். என்னை நம்பமாட்டான், நான் புளுகன் என்று ஊருக்கே தெரியும். உங்கள் பக்கம் திரும்புகிறான்.

"என் சாவியப் பார்த்தீங்களா?"

சொல்லுங்கள்.