மாரிசெல்வியைக் கண்டால் ஓடும் எண்கள்

மாரிசெல்வி பயத்தோடு பார்த்தால் எண்கள் தாளை விட்டு எழுந்து போய்விடும். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் அவள் குடியிருந்த சந்தில், குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதைப் போலவே இதுவும் எல்லோருக்கும் தெரியும். முதலில் போனது ஓர் எட்டு. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அவளைப் போர்டுக்கு முன்னால் நிறுத்தி, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டு, பதில் வருவதற்குள் சிரித்துக்கொள்ள வகுப்புக்கு அனுமதி கொடுத்தார். அறுபது பேர் சிரித்த சிரிப்பில் போர்டிலிருந்த எட்டு மிரண்டு, இடுப்பை ஒருமுறை நெளித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியேறியது. ஏழு சற்று யோசித்துவிட்டுப் பின்னாலேயே போயிற்று. பெருக்கல் குறி மட்டும் கடமை தவறாமல் மணியடிக்கும்வரை அங்கேயே நின்றது.

பத்தாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்குக்காக மட்டும் மூன்று முறை பரீட்சை எழுதினாள். மூன்று முறையும் வெற்றுத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். பிறகு கல்யாணம் நடந்தது, வருடங்கள் போயின, சந்தும் பழகிக்கொண்டது. மளிகைக் கடைக்காரர் அவள் தலை தெரிந்ததும் விலைப்பலகைமேல் சாக்கைப் போட்டு மூடினார். டாக்ஸி ஓட்டும் கணவன் தங்கபாண்டி அவளை மீட்டர் பக்கம் அண்டவிடுவதில்லை. வீட்டில் காலண்டர் சுவரைப் பார்த்துத் தொங்கியது.

“அதத் திருப்பாதட்டி,” என்பான். “இந்த மாசம் ஏற்கெனவே பத்தொம்பதக் காணோம். பதினெட்டு ராத்திரி படுத்தவன் நேரா இருவதுல எந்திரிச்சிருக்கேன்.”

மாமியார் இசக்கியம்மாள் இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வாரமும் மாரிசெல்விதான் கூட இருந்தாள். அவள் கிழவியைப் புரட்டிப் போடும் பக்குவத்தைப் பார்த்த நர்ஸ்கள், நீ ஏன் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று கேட்டுவைத்தார்கள். அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது. செம்பூரில் ஒரு மருத்துவமனை நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுத்தது. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு ஆகஸ்டில் முப்பத்தைந்து முடிகிறது. மிச்சமிருந்தது மார்ச் பரீட்சை ஒன்றுதான்.

அவள் அப்துல் ரவூபின் பட்டறையில் கைப்பைகளுக்குத் தோல் வெட்டுகிறவள். முதலாளியின் மகள் ஷைஸ்தா கல்லூரியில் கணக்கு படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பட்டறை மாடியில் பாடம் என்று முடிவாயிற்று. முதல் மூன்று வாரம் இருவரும் எண்களைத் துரத்தினார்கள். பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு விரட்டினார்கள், ஒரு ஐந்தைத் தகர டப்பாவில் போட்டுக்கூட மூடிவைத்தார்கள். அது மறுநாளே இளைத்து இரண்டாகிவிட்டது. நாலாவது வாரம் ஷைஸ்தா அலுத்துப்போய் கீழே இறங்கி வந்தபோது, மாரிசெல்வி புதுத் தோல் ஒன்றை மேஜைமேல் விரித்துக்கொண்டிருந்தாள்.

“புதுத் தோல் வந்தா மொதல்ல என்னக்கா பண்ணுவீங்க?”

“என்னத்தப் பண்ண? ஓட்டை, தழும்பு, உண்ணி கடிச்ச எடம் எல்லாத்தயும் சாக்பீஸால வட்டம் போடுவேன். பழுத மொதல்ல புடிச்சிட்டா மிச்சம் பூரா நல்ல தோலுதான பிள்ள.”

“பழுதப் பாத்தா பயம் வராதா?”

“அது பாட்டுக்கு அது கெடக்கு. அதுகிட்ட என்ன பயம்?”

மறுநாள் ஷைஸ்தா சட்டத்தை மாற்றினாள். “இனிமே தப்பாதான் போடணும். தப்பு எங்கன்னு வட்டமும் போடணும். மறந்துபோய் ரைட்டா போட்டீங்கன்னா எனக்கு ஒரு வடாபாவ்.”

தப்பாகப் போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மாரிசெல்வி துணிந்து உட்கார்ந்தாள். சரியாக இருந்தாக வேண்டிய கட்டாயம் எண்களுக்கும் அதுவரை சள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. அவள் ஏழெட்டு நாற்பது என்று எழுதி வட்டம் போட்டதும், எட்டு வந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆனால் ஒரு கணக்கைக் கட்டாயம் தப்பாகப் போட வேண்டுமென்றால் எது சரி என்று முதலில் தெரிந்தாக வேண்டும். இந்தச் சூழ்ச்சி மாரிசெல்விக்குப் புரிவதற்குள் பதினாறு வடாபாவ் போய்விட்டது. பிப்ரவரி கடைசியில் ஷைஸ்தாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்: “அக்கா, ப்ளீஸ், நடுவுல ஒண்ணு ரெண்டாவது தப்பா போடுங்க.”

பரீட்சை ஹாலில் வினாத்தாளைப் புரட்டியதும் பழைய சிரிப்பு காதில் கேட்டது. எண்கள் கொத்தாக எழும்பி மின்விசிறிமேல் போய் உட்கார்ந்து சுற்றத் தொடங்கின. எழுந்து போய்விடலாம் என்றுகூட மாரிசெல்விக்குத் தோன்றியது. பிறகு அவள் தாளைத் தோல்போலத் தடவி விரித்து, எதெது விடையாக வர முடியாது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தாள். முக்கோணத்தின் ஒரு பக்கம் மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட நீளமாக இருக்காது, வட்டம். அப்பனுக்கு மகனைவிட வயது குறையாது, வட்டம். கண்காணிப்பாளர் விசிறியை அண்ணாந்து பார்த்தார். இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். எண்கள் இறங்கி வந்தன. பக்கத்துப் பெஞ்சுக்காரியுடைய எண்களில் இரண்டும் கூடவே வந்துவிட்டதால் அவற்றைத் திருப்பி அனுப்பவேண்டியிருந்தது.

தேர்வு முடிவை நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்தார்கள். கணக்குக்கு நேரே இரண்டு எண்கள் இருந்தன. படபடப்பில் அவள் சற்று வேகமாகப் பார்த்துவிட்டாள். நான்கு தாக்குப்பிடித்தது, ஒன்றுகள் இடத்தில் இருந்தது யாரென்று தெரிவதற்குள் போய்விட்டது. மறுபடி இரண்டு பிரிண்ட் எடுத்தும் வரவில்லை. மறுநாள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.

செம்பூர் அலுவலகத்தில் கிளார்க் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர், தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “இன்னொரு நம்பர் எங்கேம்மா?”

“வெளிய போயிருக்கு சார். வந்துரும்.”

“பாதி மார்க்கை வெச்சுண்டு நான் எப்படி எடுத்துக்கறது? ரூல்னு ஒண்ணு இருக்கோல்லியோ?”

மேஜைக் காலண்டரில் ஒரு பதின்மூன்று லேசாக அசைந்தது. மாரிசெல்வி அதைக் கண்டுகொள்ளவில்லை. “பாஸுக்கு முப்பத்தஞ்சு சார். நாலு அங்கயேதான் உக்காந்திருக்கு. அதுக்குப் பக்கத்துல எது வந்தா நான் ஃபெயிலு? நீங்களே சொல்லுங்க.”

வேங்கடசுப்ரமணியன் பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை விரல் மடக்கிப் பார்த்தார். நம்பாமல் ஒன்பதிலிருந்து பூஜ்யம்வரை திரும்பவும் வந்தார். பிறகு முத்திரையை எடுத்து, வாயால் ஒருமுறை ஊதிவிட்டு, விண்ணப்பத்தின்மேல் குத்தினார்.

பயிற்சி தொடங்கிய பதினோராம் நாள் மதியம், அந்த எண் செம்பூர் அலுவலக ஜன்னல் வழியாக வந்து நான்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மூன்று. வேங்கடசுப்ரமணியன் டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்திவிட்டு, ரெஜிஸ்டரில் விட்டிருந்த இடத்தில் அதை மையால் எழுதினார். வந்த நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.