தையல்நாயகிக்கு வைத்த புடவை

1931ஆம் ஆண்டு தை மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, காரைக்காலில், அரசலாற்றை ஒட்டிய தெருவில், என் மாமியார் வீட்டுப் பூஜையறையில், மனைப்பலகையின் மேல் அரக்குநிறப் பட்டுப்புடவை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது, நான் திறந்தேன், இப்போதும் திறந்துகொண்டே இருக்கிறேன், சாம்பிராணிப் புகை முழங்கால் உயரத்தில் நிற்கிறது, புடவைக்குப் பக்கத்தில் கதம்பம், சீப்பு, குங்குமச்சிமிழ், சைகோனில் கப்பல் ஏறும்போதே அவர் சொல்லியிருந்தார், ஊரில் உனக்கொரு பட்டு எடுத்து வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்று, எனக்குத்தான் என்று நினைத்தேன், வேறெப்படி நினைப்பேன், என் அம்மா சைகோன்காரி, செத்தவர்களுக்குக் காகிதத்தில் உடுப்பு செய்து எரிப்பாள், நிஜத் துணி உயிரோடிருப்பவர்களுக்கு, அப்பா காரைக்கால்காரர், தமிழ் சொல்லித் தந்தார், இறந்த மூத்தாளுக்குப் புதுப்புடவை படைத்துக் கும்பிட்ட பிறகுதான் இளையாள் அதைத் தொடலாம் என்று சொல்லித் தரவில்லை.

கப்பல் அறையில் அவர் என் முன்னே மண்டியிட்டுக் கொசுவம் பிடிக்கக் கற்றுத் தந்தார், ஏழாவது மடிப்பில் கப்பல் ஆடும், எல்லாம் அவிழ்ந்துவிடும், இருவரும் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போவோம், அன்று பூஜையறையில் கொசுவம் ஒரு தடவையிலேயே நின்றது, எதிரே யாரோ குனிந்து பிடித்துக் கொடுத்ததுபோல, நான் நன்றி சொன்னேன், யாருக்கென்று தெரியவில்லை.

வெளியே வந்தேன், கூடத்தில் அத்தை பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள், வந்த ஒன்பது நாளாக என்னை அடுப்படிக்குள் விடாதவள், விளக்கைத் தொட விடாதவள், பேரைக்கூடச் சொல்லாமல் அது சாப்பிட்டுச்சா, அது குளிச்சுச்சா என்று மகனிடம் கேட்பவள், நிமிர்ந்து பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், வந்துட்டியாடி தையலு, மூணு வருஷமா எங்கடி போயிருந்தே என்றாள், அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது, அன்று மாலை விளக்கேற்றும் தீக்குச்சி என் கைக்கு வந்தது, மறுநாள் அரிசி அறைச் சாவி. நாத்தனார் செங்கமலம் காதோடு சொன்னாள், ஒத்துக்கிட்டுப் போங்க அண்ணி, எனக்கே இந்த வீட்டுச் சாவி கெடைச்சதில்ல, செத்தாத்தான் குடுப்பாங்க போலிருக்கு.

ஒத்துக்கொண்டு போனேன், அதற்குள் என் கைகள் எனக்கு முன்னால் போக ஆரம்பித்திருந்தன, கேட்காமலே புளிப்பானையை எடுத்தன, ஒரு மத்தியானம் குதிருக்குப் பின்னால் நுழைந்து பல் உடைந்த கொம்புச் சீப்பு ஒன்றை வெளியே கொண்டுவந்தன, செங்கமலம் எட்டிப்போய் நின்றுகொண்டு, அது அங்க இருக்குன்னு யாரு அண்ணி சொன்னா, தையலண்ணி ஒளிச்சு வச்சதாச்சே என்றாள், யாரும் சொல்லவில்லை, அல்லது கனவில் ஈரக்கையோடு என் தலையை வாரிவிட்டவள் சொல்லியிருப்பாள்.

அவர் பயந்துபோனார், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எந்திரி, மாசிக் கப்பல்ல போயிடுவோம், நான் கட்டிக்கிட்டது ஒன்னத்தான் என்றார், அம்மா வைத்த என் பேரை மூன்று தடவை மெல்லச் சொன்னார், தூங்குகிறவளை எழுப்புவதுபோல, அந்தப் பேர் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்டது, போனால் நான் நானாக இருப்பேன், ஆனால் அத்தை ஒருநாளும் அறியாத மருமகளாக, இருந்தால் இந்த வீடு எனக்கு உண்டு, நான் உண்டா என்பதுதான் தெரியாது, இரண்டு நாள் பயணப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன்.

மூன்றாம் நாள் கிணற்றடியில் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எதிரே போய் உட்கார்ந்தேன், நான் தையல்நாயகி இல்லை அத்தை என்றேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, தெரியும்டி, மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டி அனுப்பினவ நான், எனக்குத் தெரியாதா, ஒம் பேரு என் வாய்ல நொழையவே மாட்டேங்குது, அவ பேரு சும்மாத்தானே கெடக்கு, அவளும் வேணாம்னு சொல்லல, எடுத்துக்க என்றாள், பிறகு, அவளாட்டம் கீரைக்கு உப்புப் போட மறந்துடாத என்றாள்.

அவர் பயணத்தை ரத்து செய்தார். அத்தை அதற்குப் பின் பதினாறு வருஷம் இருந்தாள், ஒரு தடவைகூட என்னை அது என்று சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது அவர் என்னை அம்மா வைத்த பேரால்தான் கூப்பிடுகிறார். சில நாள் எனக்குக் கேட்பதில்லை.